இலையின் வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது? ஒளிச்சேர்க்கையின் இயக்கமும் எல்லைகளும்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இலைப் பரப்பின் மீது ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் வந்து விழுகின்றன. அதே நொடியில், நீரும் உரமும் குறையாத நல்ல நெல்லிலை உள்வாங்கும் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் 20 முதல் 30 மைக்ரோமோல்தான். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையின் நிலைக்குக் கொண்டுவரக் குறைந்தது எட்டு ஒளித்துகள்கள், நடைமுறையில் ஒன்பது அல்லது பத்து, தேவைப்படுகின்றன என்று கொண்டு கணக்கிட்டாலும், வந்து சேர்ந்த ஒளித்துகள்களில் அதிகம் போனால் ஏழில் ஒரு பங்குதான் இந்த வேலைக்குப் பயன்படுகிறது. எஞ்சிய பெரும்பங்கு ஏன் வீணாகிறது என்ற கேள்வியும், இலையின் வேகம் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்ற கேள்வியும் ஒன்றுதான். பள்ளிப் பாடங்கள் இதற்கு ஒளி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை என மூன்று காரணிகளை விடையாகத் தருகின்றன. அந்த விடை தவறன்று. ஆனால் அது போதாது. நூறாண்டுக்கு மேலான ஆய்வுகளை ஒருசேரப் பார்த்தால், தடை எந்த ஒரு காரணியிடமும் நிலையாகத் தங்குவதில்லை என்பதும், காலைக்கும் மதியத்துக்கும், மேலிலைக்கும் கீழிலைக்கும், இலைக்கும் கதிருக்கும் இடையே அது ஓயாமல் இடம் மாறுகிறது என்பதும் தெளிவாகின்றன.

தாவரத்தின் உடல் எதனால் ஆனது என்பதைத் தராசு கொண்டு தேடிய முதல் முயற்சிகளில் ஒன்று யான் வான் ஹெல்மான்ட் செய்த சோதனை. உலர்த்திய 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தபோது, மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மண் இழந்ததோ ஏறத்தாழ இரண்டு அவுன்சு. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1648இல் வெளியான நூலில் அம்முடிவு இடம்பெற்றது. மண் மரமாகவில்லை என்று காட்டியதில் சோதனை வென்றது. ஆனால் இலையைச் சூழ்ந்த காற்றை அது கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தக் குறை தீர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி மீட்பதை ஜோசப் பிரீஸ்ட்லி 1771இல் கண்டார். அந்த மீட்பு ஒளியில் மட்டுமே, அதுவும் பச்சையான பகுதிகளில் மட்டுமே நிகழ்கிறது என்பதை யான் இன்கென்ஹவுஸ் 1779இல் நிறுவினார். செடி எடுத்துக்கொள்ளும் காற்று கார்பன் டை ஆக்சைடே என்பதை ஜெனீவாவின் ழான் செனபியே காட்ட, எடைக் கூடுதலில் நீருக்கும் பங்குண்டு என்பதை அதே நகரின் நிக்கோலா தியோடர் த சொஸ்யூர் 1804இல் அளந்து சொன்னார். ஒளியின் ஆற்றலே வேதி ஆற்றலாக மாறிச் சேமிக்கப்படுகிறது என்று 1845இல் யூலியஸ் ராபர்ட் மேயர் எழுதியபோது ஒளிச்சேர்க்கையின் வரவு செலவுக் கணக்கு முழுமை பெற்றது.

வரவு செலவு தெரிந்தபின்னும் உள்ளே நடப்பது தெரியவில்லை. வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடு பிளந்து வருவது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தி, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வெளியேற்றும் பாக்டீரியாக்களை ஆராய்ந்த கார்னெலிஸ் வான் நீல், பச்சைத் தாவரங்களில் பிளப்பது நீராகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1937இல் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் கார்பன் டை ஆக்சைடை நிலைநிறுத்தாமலேயே, எலக்ட்ரானை ஏற்கும் ஓர் இரும்பு உப்பு இருந்தால் ஆக்சிஜனை வெளியிடுவதைக் காட்டினார். 1941இல் எடை கூடிய ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்தம் குழுவினரும் செய்த அளவீடு, வெளிவரும் ஆக்சிஜன் நீருடையதே என்பதற்கு நேரடிச் சான்றாயிற்று. ஒளிச்சேர்க்கை இரு பகுதிகளைக் கொண்டது என்ற இன்றைய புரிதல் இங்கிருந்து தொடங்குகிறது: ஒளியால் நீரைப் பிளந்து ஆற்றலைக் கைப்பற்றும் பகுதி ஒன்று, அந்த ஆற்றலைக் கொண்டு கார்பனைச் சர்க்கரையாக்கும் பகுதி மற்றொன்று.

முதற்பகுதி பசுங்கணிகத்தின் உள்ளே தட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும் தைலகாய்டு என்னும் மெல்லிய சவ்வில் நடைபெறுகிறது. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பொளியையும் மிகுதியாக ஈர்ப்பதால், பச்சை ஒளி இலைக்குப் பயனற்றது என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. இது கரைசலில் உள்ள பச்சையத்துக்குப் பெரிதும் பொருந்தினாலும் முழு இலைக்குப் பொருந்தாது. இலைக்குள் நுழையும் பச்சை ஒளி செல்களுக்கிடையே மீண்டும் மீண்டும் சிதறி, அதன் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது, வெயில் மிகும்போது இலையின் ஆழத்தில் உள்ள செல்களுக்கு உணவளிப்பதே அந்த ஒளிதான்.

1932இல் ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லா என்னும் ஒருசெல் பாசியின் மீது மிகக் குறுகிய ஒளித் தெறிப்புகளைப் பாய்ச்சி ஆக்சிஜனை அளந்தனர். ஒவ்வொரு தெறிப்பும் எல்லாப் பச்சைய மூலக்கூறுகளையும் இயக்கப் போதுமானதாக இருந்தும், ஏறத்தாழ 2500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுதான் வெளிவந்தது. ஒவ்வொரு பச்சைய மூலக்கூறும் தனித்து வேலை செய்யவில்லை, பல நூறு மூலக்கூறுகள் ஒளியை வாங்கி ஒரே மையத்துக்குக் கடத்துகின்றன என்பதே அதன் பொருள். வேகத்தைப் பற்றிய ஆய்வுக்கும் இது திருப்புமுனை. ஒளியைப் பிடிப்பது மிக வேகமான செயல், பிடித்ததைச் செலவழிப்பது மெதுவான செயல் என்பது இச்சோதனையில்தான் அப்பட்டமாக வெளிப்பட்டது. தெறிப்புகளுக்கிடையே சிறிது இருள் கொடுத்தால் ஒவ்வொரு தெறிப்பின் பலனும் கூடியது, ஏனெனில் பின்னால் உள்ள மெதுவான படிகள் தம் வேலையை முடிக்க அந்த இருள் அவகாசம் தந்தது.

ஒளியைச் செலவழிக்கும் மையங்கள் இரு வகையின. இரண்டாம் ஒளி அமைப்பு நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. அந்த எலக்ட்ரான் சவ்வில் உள்ள கடத்திகளின் வழியே இறங்கி முதலாம் ஒளி அமைப்பை அடைகிறது. அங்கே மறுபடியும் ஒளியால் உந்தப்பட்டு, என்ஏடிபிஎச் என்னும் ஆற்றல் செறிந்த மூலக்கூறில் போய்ச் சேர்கிறது. இவ்விரு அமைப்புகளையும் தொடராக இணைத்துக் காட்டிய திட்டத்தை ஹில்லும் ஃபே பெண்டாலும் 1960இல் வெளியிட்டனர். நீரைப் பிளக்கும் வேலையைச் செய்வது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் ஆக்சிஜனால் பிணைக்கப்பட்ட சிறு கொத்து. அது நான்கு ஒளித்துகள்களின் விளைவை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்து, நான்காவது வந்ததும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை விடுவிக்கிறது. இருளில் வைத்த இலைப்பொருளின் மீது தெறிப்புகளைப் பாய்ச்சினால் ஆக்சிஜன் நான்கு தெறிப்புகளுக்கு ஒருமுறை உச்சம் தொடுவதை பியேர் ஜோலியோ கண்டதும், அதற்கு பெசல் காக் விளக்கம் தந்ததும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில். இக்கொத்தின் அணு அமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல்தான் தெளிவாகப் படம்பிடித்தனர்.

எலக்ட்ரான் நகரும்போது புரோட்டான்கள் தைலகாய்டின் உட்புறத்தில் குவிகின்றன. உட்புறம் அமிலமாக, வெளிப்புறம் காரமாக மாறுகிறது. இந்த ஏற்றத்தாழ்வே ஏடிபி என்னும் ஆற்றல் நாணயத்தை உருவாக்கும் நொதியைச் சுழற்றுகிறது என்ற பீட்டர் மிட்செலின் கருதுகோளை முதலில் பலர் ஏற்கவில்லை. ஆன்ட்ரே ஜேகன்டார்ஃப் 1966இல் தைலகாய்டுகளை அமிலக் கரைசலில் ஊறவைத்து, இருட்டிலேயே காரக் கரைசலுக்கு மாற்றியபோது, ஒளி சிறிதுமின்றி ஏடிபி உருவானது. ஒளிச்சேர்க்கை ஆய்வின் மிக எளிய, மிக அழகிய சோதனைகளுள் இதற்கு இடமுண்டு. இந்த அமிலத்தன்மை வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளமாகவும் செயற்படுகிறது. உட்புறம் மிகையாக அமிலமானால், இரு ஒளி அமைப்புகளுக்கிடையே எலக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் தொகுதியின் வேகம் தானாகக் குறைகிறது.

கார்பனின் பாதையைத் தேடுவதற்குத் தேவையான கருவி, நீண்ட ஆயுள் கொண்ட கதிரியக்கக் கார்பன்-14, 1940இல் கண்டறியப்பட்டது. பெர்க்லியில் மெல்வின் கால்வினும் ஆன்ட்ரூ பென்சனும் ஜேம்ஸ் பாஷமும் இணைந்து, தட்டையான கண்ணாடிக் குடுவையில் பாசிக் கரைசலை வைத்து, இருபுறமும் விளக்கேற்றி, கதிரியக்கக் கார்பனைச் செலுத்திய சில நொடிகளில் அடிக்குழாயைத் திறந்து பாசியைக் கொதிக்கும் ஆல்கஹாலில் விழச் செய்தனர். விழுந்த கணமே நொதிகள் செயலிழந்துவிடும். அதுவரை கார்பன் எங்கு சென்றதோ அங்கேயே நின்றுவிடும். சாற்றை வடிதாளில் பரப்பி, அதன் மீது எக்ஸ்-கதிர்ப் படச்சுருளை வைத்தால் கதிரியக்கம் உள்ள இடங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். நேரத்தைக் குறைக்கக் குறைக்கப் புள்ளிகள் குறைந்து, ஐந்து நொடியளவில் மூன்று கார்பன் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலமே மேலோங்கி நின்றது. முழுச் சுழற்சியும் 1954க்குள் தெளிவாயிற்று. 1961இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் கிடைத்தது, சோதனை முறைகளை வகுத்ததில் பென்சனுக்கிருந்த பங்கு நெடுநாள் உரிய கவனம் பெறவில்லை. இச்சுழற்சியில் மூன்று மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு நுழைய ஒன்பது ஏடிபியும் ஆறு என்ஏடிபிஎச்சும் செலவாகின்றன. உருவாகும் ஆறு சர்க்கரைத் துண்டுகளில் ஐந்து, கார்பனை ஏற்கும் மூலக்கூறான ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டை மீண்டும் ஆக்கவே போய்விடுகின்றன, ஒன்றே ஒன்றுதான் செடிக்கு ஆதாயம். இச்சுழற்சி இரவில் நடப்பது என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவலாக உண்டு. உண்மையில் இதன் நொதிகளில் பல ஒளி பட்ட பிறகே விழித்தெழுபவை, இருட்டில் சில நிமிடங்களில் அடங்கிவிடுபவை.

சுழற்சியின் வாயிலில் நிற்கும் நொதி ரூபிஸ்கோ. காற்றிலுள்ள கார்பனை உயிருலகுக்குள் கொண்டுவரும் வேலையின் பெரும்பங்கு இதன் தோளில்தான் இருக்கிறது. ஆயினும் இது மெதுவானது; பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வினைபுரியும்போது, இதன் ஒவ்வொரு வினையிடமும் நொடிக்கு மூன்று மூலக்கூறு என்ற அளவில்தான் கார்பனை நிலைநிறுத்துகிறது. வேகக் குறைவை எண்ணிக்கையால் ஈடுகட்ட, இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை இந்த ஒரே நொதியாக இருக்கிறது. இன்னொரு குறை இதைவிடப் பெரிது: கார்பன் டை ஆக்சைடு அமர வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் இது அமர்த்திவிடுகிறது. அப்போது விளையும் பயனற்ற இரு கார்பன் சேர்மத்தை மீட்க, பசுங்கணிகம், பெராக்சிசோம், மைட்டோகாண்ட்ரியா என மூன்று உறுப்புகளின் வழியே நீண்ட பயணம் தேவைப்படுகிறது. வழியில் ஏடிபி செலவாகிறது, ஏற்கெனவே நிலைநிறுத்திய கார்பனில் ஒரு பகுதி மீண்டும் காற்றில் கலக்கிறது. ஒளிச்சுவாசம் எனப்படும் இது, வெப்பமான நாளில் நெல், கோதுமை போன்ற பயிர்களின் ஆதாயத்தில் கால் பங்கையோ அதற்கு மேலோ விழுங்கிவிடும். காற்றில் ஆக்சிஜன் அரிதாக இருந்த காலத்தில் தோன்றிய நொதி இது என்பதை நினைத்தால் இக்குறை வியப்பளிப்பதில்லை.

இயக்கம் இவ்வளவு தெரியவருவதற்கு முன்பே வேகத்தைப் பற்றிய கேள்வியைச் சரியாகக் கேட்டவர் கேம்பிரிட்ஜின் ஃபிரெடெரிக் பிளாக்மன். அவருடன் பணியாற்றிய கேப்ரியேல் மத்தாயி, வெட்டியெடுத்த இலைகளை வெவ்வேறு வெப்பநிலைகளிலும் ஒளியளவுகளிலும் வைத்துப் பொறுமையாக எடுத்த அளவீடுகள் இதற்கு அடித்தளம். குறைந்த ஒளியில் வெப்பநிலையை உயர்த்தினால் வேகம் கூடுவதில்லை. மிகுந்த ஒளியில் உயர்த்தினால் கூடுகிறது. ஒளியால் மட்டும் நடக்கும் வினை வெப்பத்துக்கு மசியாது, நொதியால் நடப்பது மசியும். ஆகவே ஒளிச்சேர்க்கையில் இரண்டும் இருக்கின்றன. 1905இல் பிளாக்மன் வெளியிட்ட கட்டுரை இதைப் பொதுவிதியாக்கியது: ஒரு செயல் பல காரணிகளைச் சார்ந்திருந்தால், அதன் வேகத்தை மிகவும் பின்தங்கிய காரணியே தீர்மானிக்கிறது. ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து உள்ள மடைகளில் எது மிகக் குறுகலோ அதுவே பாய்ச்சலின் அளவு என்பது போன்ற கருத்து இது. விதியின்படி, ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் நேர்கோட்டில் ஏறி, திடீரென முறிந்து கிடைமட்டமாகிவிட வேண்டும். உண்மையான இலையில் எடுத்த வரைகோடு முறிவதில்லை, வளைகிறது. இலையின் மேல்தளச் செல்கள் ஒளியால் நிறைவுறும்போது அடித்தளச் செல்கள் இன்னும் ஒளிக்கு ஏங்கிக்கொண்டிருப்பது ஒரு காரணம். பல படிகள் ஒரே சமயத்தில் ஆளுக்குச் சிறிது சுமையைத் தாங்குவது மற்றொரு காரணம். எனினும் வேகத்தை ஆராய்பவர் எவரும் பிளாக்மனைக் கடக்காமல் செல்ல முடியாது.

இந்தியாவில் இத்துறையில் முன்னோடியாக நின்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். நீரில் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா வெளியிடும் ஆக்சிஜன் குமிழிகளைத் தானே பதிவு செய்யும் கருவியைக் கல்கத்தாவில் அமைத்து, தம் முடிவுகளை 1924இல் ஒளிச்சேர்க்கையின் உடலியல் பற்றிய நூலாக வெளியிட்டார். கோடையில் எடுத்த ஹைட்ரில்லாவும் குளிர்காலத்தில் எடுத்ததும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை என்பதையும், கோடைச் செடியில் மாலிக் அமிலத்துக்குப் பங்குண்டு என்பதையும் அவர் கவனித்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின், வெப்பமும் கார்பன் பற்றாக்குறையும் நேரும்போது இச்செடி தன் கார்பன் பாதையையே மாற்றிக்கொள்கிறது என்று ஃபுளோரிடா ஆய்வாளர்கள் விளக்கியபோதுதான் அந்தக் கவனிப்பின் ஆழம் புரிந்தது.

இன்று உலகெங்கும் பயன்படும் கணக்கீட்டு மாதிரியை கிரஹாம் ஃபார்குவாரும் சூசன் வான் கேமரரும் ஜோசப் பெரியும் 1980இல் வகுத்தனர். இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருக்கும்போது ரூபிஸ்கோவின் வேகம் தடையாகிறது. அது போதுமான அளவு இருக்கும்போது, கார்பனை ஏற்கும் மூலக்கூறை மீண்டும் ஆக்கும் வேகம், அதாவது ஒளியிலிருந்து ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வரும் வேகம், தடையாகிறது. பின்னர் தாமஸ் ஷார்க்கி மூன்றாவது நிலையையும் சேர்த்தார்: உருவான சர்க்கரையைச் செடி எடுத்துச் செல்லாவிட்டால், அதில் சிக்கிய பாஸ்பேட் திரும்பாமல் ஆலையே நின்றுபோகும். ஒளி, காற்று, வெப்பம் என வெளியிலிருந்து அடுக்கிய காரணிகளை இம்மாதிரி இலைக்குள் இருக்கும் மூன்று குறிப்பிட்ட படிகளோடு பொருத்தியதே அதன் பெருஞ்சிறப்பு.

கதிருக்கு முன் கடைசியாக விரியும் நெல்லிலையை, கண்ணாடி இலை எனப்படுவதை, ஒரு பகல் முழுவதும் தொடர்ந்தால் இப்படிகள் கைமாறுவதைக் காணலாம். விடியலில் ஒளி மிகக் குறைவு. சுவாசத்தில் இழக்கும் கார்பனும் ஒளிச்சேர்க்கையில் சேரும் கார்பனும் சமமாகும் ஈடுசெய் புள்ளியைக் கடக்கும்வரை இலைக்கு ஆதாயமே இல்லை. அதன்பின் சில மணி நேரம் ஒளி கூடக்கூட வேகமும் கூடுகிறது; முழு வெயிலில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை வந்ததும் ஏற்றம் தளர்ந்து, தடை ரூபிஸ்கோவின் கைக்குப் போகிறது. நண்பகலில் காற்று வறண்டால் இலைத்துளைகள் சுருங்கி, தடை அங்கே இடம்பெயர்கிறது. இத்தனையும் மேலிலைக்குத்தான். அதே தூரின் கீழிலைகள் நண்பகலிலும் நிழலில், ஒளிக்கு ஏங்கியே நிற்கின்றன. உச்சியில் ஒளி வீணாகி அடியில் பஞ்சம் நிலவும் இந்நிலையை மான்சியும் சாயெகியும் 1953இல் ஜப்பானில் கணிதமாக்கினர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 ரகத்தின் நிமிர்ந்த இலைகள் ஒளியைக் கீழே இறங்கவிட்டதும் அதன் விளைச்சலுக்கு ஒரு காரணம். நெல்மணியை நிரப்பும் மாவுச்சத்தில் பெரும்பகுதி கதிர் வெளிவந்த பின் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிடைப்பதால், காவிரி டெல்டாவில் சம்பாப் பயிர் பால் பிடிக்கும் நாட்கள் வடகிழக்குப் பருவமழையின் அடர்ந்த மேகமூட்டத்தோடு ஒன்றிவிடும் ஆண்டுகளில் பதர் கூடுவதற்கு ஒளிக்குறைவும் காரணமாகிறது.

இலைத்துளை தனிக் கவனத்துக்குரியது. இரண்டு காப்புச் செல்கள் பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுத்து, நீரேறிப் பருத்து வளையும்போது அவற்றுக்கிடையே துளை திறக்கிறது; வேர்ப்பகுதி வறளும்போது கூடும் அப்சிசிக் அமிலம் அயனிகளை வெளியேறச் செய்து துளையை மூடுகிறது. திறந்திருக்கும்போதும் துளைகளின் மொத்தப் பரப்பு இலைப் பரப்பில் ஒரு சில சதவீதமே. அவ்வழியே ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதற்குள் நெல் போன்ற தாவரம் சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது, ஏனெனில் இலைக்குள் இருக்கும் ஈரப்பதத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாடு கார்பனின் வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரிது. வறட்சியில் பயிர் வளராமல் நிற்பதற்கு, ஒளிச்சேர்க்கைக்கு மூலப்பொருளாக நீர் பற்றாமல் போவது காரணமன்று. அதற்குத் தேவையான நீர் மிகச் சொற்பம். நீரைக் காக்க மூடிய கதவு காற்றையும் தடுத்துவிடுவதே காரணம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் செறிவு துளையைத் தாண்டும்போது ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைகிறது. செல்சுவரையும் சவ்வுகளையும் கடந்து பசுங்கணிகத்தை அடையும்போது மேலும் குறைகிறது.

வெப்பநிலை நொதிகளை வேகப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தில் ஆக்சிஜனைவிட விரைவாகக் குறைகிறது. ரூபிஸ்கோவின் பாகுபடுத்தும் திறனும் சேர்ந்தே குறைகிறது. ஆகவே சூடு ஏறஏற ஒளிச்சுவாசத்தின் பங்கு கூடுகிறது. ரூபிஸ்கோவை வினைக்குத் தயாராக வைத்திருக்கும் ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்னும் துணைப்புரதம், ரூபிஸ்கோவே தாங்கும் சூட்டைக்கூடத் தாங்காது. வெப்ப அலைகளில் பயிர் தடுமாறும்போது முதலில் தளர்வது பெரும்பாலும் இப்புரதமே.

இந்த இக்கட்டுக்கு இயற்கை கண்ட தீர்வைக் கரும்பு காட்டிக்கொடுத்தது. ஹவாய்க் கரும்பில் கதிரியக்கக் கார்பன் முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலங்களில் சேர்வதை ஹ்யூகோ கோர்ட்சாக்கும் உடனுழைத்தவர்களும் 1965இல் அறிவித்தனர். ஆஸ்திரேலியாவின் ஹால் ஹாட்சும் ரோஜர் சிலாக்கும் 1966 முதல் அப்பாதையை விளக்கினர். இலையின் வெளிச் செல்களில் ஆக்சிஜனால் ஏமாறாத வேறொரு நொதி கார்பனைப் பிடித்து அமிலமாக்குகிறது. அவ்வமிலம் நரம்பைச் சுற்றி மாலைபோல் அமைந்த கற்றை உறைச் செல்களுக்குச் சென்று கார்பன் டை ஆக்சைடை விடுவிக்கிறது. அங்கே செறிந்திருக்கும் கார்பனின் நடுவே ரூபிஸ்கோ பிழையின்றி வேலை செய்கிறது. சி4 எனப்படும் இவ்வகைத் தாவரங்கள் பூக்கும் தாவர இனங்களில் ஏறத்தாழ மூன்று சதவீதமே. ஆனால் நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கால் பங்களவு இவற்றுடையது. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், அறுகு, கோரை, தண்டுக்கீரை எல்லாம் இவ்வகை. மானாவாரி நிலத்தில் சிறுதானியங்கள் குறைந்த நீரில் நிறைந்த விளைச்சல் தருவதன் வேர் இங்கே இருக்கிறது: உள்ளே கார்பனைச் செறிவாக்க முடிவதால், துளையைக் குறைவாகத் திறந்தாலும் போதும். இதற்கு விலையும் உண்டு; ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஏடிபி கூடுதலாகச் செலவாவதால், குளிர்ந்த இடத்திலும் நிழலிலும் நெல், கோதுமை போன்ற சி3 தாவரங்களே முந்துகின்றன.

வறண்ட நிலத்துத் தாவரங்கள் சில இதே வேலையை இடத்தால் பிரிக்காமல் நேரத்தால் பிரிக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளியின் இலை காலையில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதை நாவால் அறிந்து எழுதிய கடிதம் 1815இல் லண்டனில் அச்சேறியது. குளிர்ந்த இரவில் துளையைத் திறந்து, கார்பனை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்கும் ஏற்பாட்டை அவர் நாக்கு கண்டுகொண்டது. சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, அன்னாசி ஆகியவை இவ்வழியே வாழ்கின்றன. அமிலத்தைச் சேமிக்கும் இடம் தீர்ந்ததும் இவற்றின் வேகம் நின்றுவிடுவதால் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஒளி நிலையாக இருக்கும். வயலில் அது நொடிக்கு நொடி மாறும். அண்மைக் கால ஆய்வுகளின் பெரிய பங்களிப்பு இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியதே. முழு வெயிலில் செலவழிக்க முடியாத ஆற்றல் ஒளி அமைப்புகளைச் சிதைத்துவிடும் என்பதால், இலை அதை வெப்பமாக வெளியேற்றும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. தைலகாய்டின் உட்புறம் அமிலமாகும்போது வயலோசாந்தின் என்னும் நிறமி சியாசாந்தினாக மாறி இதைத் தொடங்கி வைக்கிறது. தொடங்குவது விரைவு, அடங்குவது தாமதம். மேகம் வெயிலை மறைத்த பின்னும் பல நிமிடங்கள் இலை கிடைத்த சிறிதளவு ஒளியையும் வெப்பமாக வீசிக்கொண்டிருக்கிறது. மறுதலையாக, நிழலிலிருந்து திடீரென வெயிலுக்கு வந்த இலை, ரூபிஸ்கோ விழித்து இலைத்துளை திறந்து முழு வேகத்தை அடைய அதேபோல் நேரம் எடுக்கிறது. இல்லினாய்ப் பல்கலைக்கழகக் குழுவினர் இந்தப் பாதுகாப்பு விரைவாக அடங்கும்படி மூன்று மரபணுக்களைப் புகையிலையில் மிகைப்படுத்தி, வயலில் உலர் எடை ஏறத்தாழ 15 சதவீதம் கூடியதை 2016இல் வெளியிட்டனர். ஒளிச்சுவாசத்தின் நீண்ட பாதைக்குக் குறுக்குவழி அமைத்த புகையிலையில் 40 சதவீதத்துக்கும் மேல் கூடியதை 2019இல் அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் அறிவித்தனர். புகையிலையில் அறுவடை இலை. நெல்லில் அறுவடை மணி. இலை கூடினால் மணியும் அதே அளவு கூடும் என்று கொள்வதற்கில்லை.

ஏனெனில் தடை சில வேளைகளில் இலையை விட்டே வெளியேறிவிடுகிறது. இலையின் தழைச்சத்தில் பெரும்பங்கு ஒளிச்சேர்க்கைப் புரதங்களில் முடங்கியிருப்பதால், தழைச்சத்துக் குறைந்த வயலில் ரூபிஸ்கோவே குறைகிறது. பச்சையத்தின் நடுவணுவான மக்னீசியம் குறைந்தால் இலை நரம்பிடையே வெளிறுகிறது. இவை போதிய அளவு இருந்தும், விளைந்த சர்க்கரையை ஏற்கக் கதிரோ கிழங்கோ இல்லையெனில் அது இலையிலேயே தேங்கி, ஒளிச்சேர்க்கை மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கிவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டியுள்ள நிலையில், சி3 பயிர்களுக்கு அது நன்மையாகவே முடியும் என்ற வாதம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. திறந்த வயலில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிச் செய்த சோதனைகளில் வேகம் தொடக்கத்தில் ஏறி, தழைச்சத்தும் ஏற்கும் இடமும் பற்றாதபோது ஓரளவு தணிந்தது. நெல்லிலும் கோதுமையிலும் புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் செறிவும் குறைந்தது. சோற்றையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைக் குடும்பங்களுக்கு இந்தக் குறைவு சிறிதன்று, விளைச்சல் கணக்கில் மட்டும் கண்வைத்து இதை ஒதுக்கிவிடுவது சரியாகாது.

சூ, லாங், ஓர்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டபடி, வந்து விழும் மொத்தச் சூரிய ஆற்றலில் சி3 தாவரம் உச்சமாக 4.6 சதவீதத்தையும் சி4 தாவரம் 6 சதவீதத்தையும் உடலாக்க முடியும். முழுப் பருவத்தில் எட்டப்பட்ட மிகச் சிறந்த அளவுகளோ முறையே 2.4, 3.7 சதவீதம். இந்த இடைவெளியை நெல்லில் நிரப்பும் நோக்கோடு, பிலிப்பைன்ஸின் லோஸ் பான்யோசில் தொடங்கிப் பல நாட்டு ஆய்வகங்கள் சி4 நெல்லை உருவாக்க முயன்றுவருகின்றன. கார்பனைப் பிடிக்கும் நொதிகளின் மரபணுக்களை நெல்லில் புகுத்துவது கைகூடியிருக்கிறது. நரம்புகளை நெருக்கி, உறைச் செல்களில் பசுங்கணிகங்களை நிறைத்து, இருவகைச் செல்களுக்கிடையே அமிலங்கள் தடையின்றிப் போய்வர நுண்வழிகளைப் பெருக்குவதுதான் கடினம். அந்த இலை அமைப்பை இயற்கை அறுபதுக்கும் மேற்பட்ட முறை தனித்தனியே உருவாக்கியிருக்கிறது என்பதால் அது எட்டாத இலக்கன்று என்று இத்துறையினர் கருதுகின்றனர். எந்தெந்த மரபணுக்கள் அதை ஆள்கின்றன என்ற தேடல், கேழ்வரகுக்கும் தினைக்கும் நெருங்கிய காட்டுப் புற்களின் இலைகளிலும் நடந்துகொண்டிருக்கிறது.